தூரம் யாருடையது?
லண்டன் – ஜோஹானஸ்பர்க் வான்வழி பற்றிச் சில குறிப்புகள்

லண்டனிலிருந்து ஜோஹானஸ்பர்க் எவ்வளவு தூரம் என்று கேட்டால் ஏறத்தாழ 9,070 கிலோமீட்டர் என்று பதில் வரும். விமானத்தில் 11 மணி நேரம். பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்துப் பார்த்தாலும் இதேதான் வரும். இதில் தகராறு செய்ய என்ன இருக்கிறது என்று தோன்றலாம். மன்னர்களைப் பற்றி, மதங்களைப் பற்றி, மொழியைப் பற்றியெல்லாம் சந்தேகப்படக் கற்றுக்கொண்டுவிட்ட நாம் கிலோமீட்டரைச் சந்தேகப்படுவதில்லை. அது அளக்கப்பட்டது, ஆகவே யார் பக்கமும் சாராதது என்று விட்டுவிடுகிறோம்.

ஆனால் 1963 ஆகஸ்ட் மாதம் இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே இருந்த தூரம் கூடிப்போனது. எல்லோருக்கும் அல்ல. தென்னாப்பிரிக்க அரசுக்குச் சொந்தமான சவுத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸ் விமானங்களுக்கு மட்டும். சுமார் இருபத்தெட்டு ஆண்டுகள் அந்த நிலைமை நீடித்தது. அதே இரண்டு ஊர்கள், அதே வானம், ஆனால் இரண்டு தூரங்கள். இது எப்படி நேர்ந்தது, இதனால் யாருக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

கூடிய கதைக்கு முன்னால் குறைந்த கதை. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் லண்டன்காரர் தென்னாப்பிரிக்கா போவதென்றால் யூனியன்-காசில் கம்பெனியின் தபால் கப்பல்தான். சவுதாம்ப்டன் துறையிலிருந்து வியாழன்தோறும் மாலை நான்கு மணிக்கு அது கிளம்பும். கேப் டவுன் போய்ச்சேர இரண்டு வாரம். அங்கிருந்து ஜோஹானஸ்பர்க்குக்கு ரயில். முதல் உலகப்போர் முடிந்தபோது பிரிட்டிஷ் அரசு வானத்தைப் பார்க்க ஆரம்பித்தது. கெய்ரோவிலிருந்து கேப் டவுன் வரை வரைபடத்தில் ஒரே சிவப்பு நிறமாக, பிரிட்டிஷ் நிலமாக இருக்க வேண்டும் என்பது செசில் ரோட்ஸின் பழைய கனவு. இடையில் தடையாகக் கிடந்த ஜெர்மன் கிழக்காப்பிரிக்கா போரில் தோற்றுத் தங்கனிகா என்ற பெயரில் பிரிட்டிஷார் கைக்கு வந்துவிட்டது. ரோட்ஸ் கேட்ட ரயில் பாதை கடைசிவரை முழுமையாகப் போடப்படவில்லை. அந்தக் கோட்டை விமானம் பிடித்துக்கொண்டது.

1919இல் பிரிட்டிஷ் விமானப்படையின் அளவைக் குழுக்கள் கெய்ரோ முதல் கேப் வரை இறங்குதளங்கள் அமைத்தன. அமைத்தன என்று எழுதும்போதே ஒரு சங்கடம். காட்டை வெட்டியவர்களும், ஆள் உயரத்துக்கு மேல் நின்ற கறையான் புற்றுகளை மாதக்கணக்கில் உடைத்து மண்ணைச் சுமந்து கொட்டியவர்களும் கறுப்புத் தொழிலாளர்கள். அவர்கள் பெயர் எந்தச் சாதனைப் பட்டியலிலும் இல்லை. 1920 பிப்ரவரி 4 அன்று இங்கிலாந்தில் கிளம்பி மார்ச் 20 அன்று கேப் டவுனில் இறங்கிய வான் ரைனெவெல்ட், பிராண்ட் என்ற இரண்டு தென்னாப்பிரிக்க விமானிகளின் பெயர்தான் இருக்கிறது. 45 நாள். வழியில் இரண்டு விமானங்களை உடைத்துவிட்டு மூன்றாவதில் போய்ச்சேர்ந்தார்கள். இருவருக்கும் 'சர்' பட்டம் கிடைத்தது.

1932இல் இம்பீரியல் ஏர்வேஸ் ஒழுங்கான சேவையைத் தொடங்கியபோது லண்டன் – கேப் டவுன் பயணம் சுமார் பதினொரு நாளாகக் குறைந்தது. இடையிடையே ரயிலும் ஏற வேண்டும், நீரில் இறங்கும் விமானத்துக்கும் மாற வேண்டும். கெய்ரோ, கார்த்தூம், நைரோபி, சாலிஸ்பரி, ஜோஹானஸ்பர்க் என்று அந்த வழியில் வரும் பெயர்களைச் சேர்த்துப் படித்தால் காலனிய நிர்வாகத்தின் முகவரிப் புத்தகத்தைப் படிப்பதுபோல இருக்கும். 1945இல் யார்க் ரக விமானம் மூன்று நாளில் கொண்டுபோய்ச் சேர்த்தது. பிறகு 1952 மே 2. உலகத்தில் முதன்முதலாகக் கட்டணப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஜெட் விமானம் பறந்த நாள். அந்த காமெட் விமானம் பறந்தது நியூயார்க்குக்கோ பாரிசுக்கோ அல்ல, ஜோஹானஸ்பர்க்குக்கு. ரோம், பெய்ரூட், கார்த்தூம், என்டெபே, லிவிங்ஸ்டன் என்று ஐந்து இடங்களில் இறங்கி ஏறி ஒரு நாளைக்கும் சற்றுக் குறைந்த நேரத்தில் போய்விட்டது. 36 பேர் உட்காரும் விமானம். (அதே விமானம் 1954 ஜனவரியில் எல்பா தீவருகே நடுவானில் பிளந்து 35 பேர் இறந்தார்கள். மூன்று மாதம் கழித்து ரோமிலிருந்து கெய்ரோ வழியாகத் தென்னாப்பிரிக்கா போக வேண்டிய இன்னொரு காமெட்டும் விழுந்தது. வேகத்துக்கு இப்படியும் ஒரு கணக்கு உண்டு.)

மூலதனம் காலத்தைக் கொண்டு வெளியை அழிக்கிறது என்று மார்க்ஸ் 1857-58இல் தம் குறிப்பேடுகளில் எழுதிவைத்தார். டேவிட் ஹார்வி 1989இல் அதை விரித்து, காலமும் வெளியும் சுருங்கிக்கொண்டே வருவதுதான் முதலாளியத்தின் வரலாறு என்றார். 45 நாள், 11 நாள், 3 நாள், 1 நாள் என்று அடுக்கினால் லண்டன் – ஜோஹானஸ்பர்க் கதை அதற்கு எடுத்துக்காட்டாகச் செய்துவைத்தது போலவே இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் சுருங்கியது யாருக்கு என்ற கேள்வியை இந்த அடுக்கு கேட்பதில்லை.

காமெட் வந்து இறங்கிய அதே 1952இல் தென்னாப்பிரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. பெயர் 'பாஸ்களை ஒழிக்கும் சட்டம்'. ஒழிப்பதாவது! பழைய துண்டுச்சீட்டுகளுக்குப் பதிலாக, எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய ஒரு தடித்த புத்தகத்தைக் கறுப்பர்கள் தலையில் கட்டிய சட்டம் அது. அதே ஆண்டு திருத்தப்பட்ட இன்னொரு சட்டத்தின்படி, பிறப்பாலோ நீண்டகால வேலையாலோ உரிமை பெறாத கறுப்பர் எவரும் அனுமதி இல்லாமல் நகரத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் தங்கக் கூடாது. லண்டனில் ஏறியவர் 24 மணி நேரத்தில் ஜோஹானஸ்பர்க்கில் இறங்கி எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். அந்த நாட்டுக் கிராமத்திலிருந்து வந்தவனுக்கு 72 மணி நேரம். ஜூன் 26 அன்று ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசும் தென்னாப்பிரிக்க இந்தியக் காங்கிரசும் சேர்ந்து சட்ட மறுப்பு இயக்கத்தைத் தொடங்கியது இந்தச் சூழலில்தான்.

ஜோஹானஸ்பர்க்கின் வடகிழக்கே இருக்கிறது அலெக்சாண்ட்ரா. கறுப்பர் குடியிருப்பு. நகர மையத்துக்குச் சுமார் 15 கிலோமீட்டர். 1957 ஜனவரியில் பஸ் கட்டணத்தை நான்கு பென்னியிலிருந்து ஐந்து பென்னியாக்கினார்கள். ஒரே ஒரு பென்னிதான். அந்த ஒரு பென்னி இல்லாதவர்கள் பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று முடிவெடுத்து, விடியுமுன் எழுந்து 15 கிலோமீட்டர் நடந்து வேலைக்குப் போய், மாலையில் 15 கிலோமீட்டர் நடந்து வீடு திரும்பினார்கள். ஒரு நாளா, ஒரு வாரமா? சுமார் மூன்று மாதம். போலீஸ் வழிமறித்துப் பாஸ் கேட்டது, சைக்கிள் டயரில் காற்றைப் பிடுங்கியது. கடைசியில் பழைய கட்டணமே நிலைத்தது. காமெட்டுக்குக் கிடைத்த பக்கங்கள் இந்த நடைக்குப் போக்குவரத்து வரலாற்று நூல்களில் கிடைப்பதில்லை. தொழிலாளர் வரலாற்றில் தேடினால் கிடைக்கும். அறிவுத் துறைகள் தமக்குள் பாகம் பிரித்துக்கொள்ளும்போது இப்படித்தான் ஆகிறது.

இனி 1960. மார்ச் 21இல் ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டு 69 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு. ஒரு வாரத்துக்குள் ஆலிவர் தம்போ காரில் எல்லை தாண்டி பெச்சுவானாலாந்துக்கு, இன்றைய போட்ஸ்வானாவுக்குப் போனார். கட்சி அவரை வெளிநாட்டுப் பணிக்கு அனுப்பியிருந்தது. பாஸ்போர்ட் கிடையாது. அங்கிருந்து விமானம் ஏற அவருக்குக் கைகொடுத்தவை இந்திய அரசு வழங்கிய பயண ஆவணங்கள். லண்டன் போய்ச்சேர அவர் கடந்த நாடுகளையும், ஒவ்வொன்றிலும் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று இருந்த பயத்தையும் கணக்கில் எடுத்தால் அந்தத் தூரம் 9,070 கிலோமீட்டர் இல்லை.

இரண்டு ஆண்டு கழித்து, 1962 ஜனவரியில், நெல்சன் மண்டேலாவும் அதே பெச்சுவானாலாந்து வழியாக ரகசியமாக வெளியேறினார். 1994இல் வந்த தன்வரலாற்றில் அந்தப் பயணத்தின் ஒரு சிறு சம்பவத்தைச் சொல்கிறார். கார்த்தூமில் எத்தியோப்பிய விமானத்துக்கு மாறுகிறார். விமானி கறுப்பர். அதுவரை ஒரு கறுப்பு விமானியை அவர் பார்த்ததே இல்லை. ஒரு கணம் பயந்துபோகிறார், கறுப்பன் எப்படி விமானம் ஓட்ட முடியும் என்று. உடனே தன்னைப் பிடித்துக்கொள்கிறார். நிறவெறியின் மனப்பதிவு தன் மூளைக்குள்ளும் உட்கார்ந்திருந்ததை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார். வானம் யாருடையது என்பது வரைபடத்தில் மட்டுமல்ல, போராளியின் தலைக்குள்ளும் எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சியம் எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த எழுத்தை அழிக்கும் காரியம் அதே ஆண்டு நவம்பர் 6 அன்று ஐ.நா. பொதுச்சபையில் தொடங்கியது. 1761ஆம் எண் தீர்மானம். தென்னாப்பிரிக்காவோடு ராஜ்ய உறவை முறித்துக்கொள்வது, அதன் கப்பல்களுக்குத் துறைமுகத்தை மூடுவது, பொருள்களைப் புறக்கணிப்பது இவற்றோடு, அதன் விமானங்கள் இறங்கவும் கடந்துபோகவும் அனுமதி மறுப்பது என்பதையும் உறுப்பு நாடுகளிடம் கேட்டுக்கொண்டது. கட்டாயப்படுத்தும் அதிகாரம் இல்லாத தீர்மானம். பெரிய வல்லரசுகள் கண்டுகொள்ளவில்லை. ஆனால் 1963 மே மாதம் அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு உருவானபோது, நேற்றுதான் விடுதலை பெற்ற நாடுகள் அதைக் கையில் எடுத்துக்கொண்டன. அந்த நாடுகளிடம் என்ன இருந்தது? படை கிடையாது, பணம் கிடையாது, தென்னாப்பிரிக்காவைத் தட்டிக்கேட்கும் வணிக வலு கிடையாது. தலைக்கு மேலே வானம் இருந்தது. ஒவ்வொரு நாட்டின் வானமும் அந்த நாட்டுக்கே சொந்தம் என்று 1944இன் சிகாகோ உடன்படிக்கை சொல்லியிருந்தது. பணக்கார நாடுகள் தங்கள் வசதிக்காக எழுதிக்கொண்ட விதி. அந்த விதியையே எடுத்துக் கதவைச் சாத்தினார்கள்.

ஆகஸ்டிலிருந்து தென்னாப்பிரிக்க விமானங்கள் வடக்கே நேராகப் பறக்க முடியாமல் போனது. மேற்கே திரும்பி, அட்லாண்டிக் கடலோரமாக, வரைபடத்தில் புடைத்துக்கொண்டிருக்கும் மேற்கு ஆப்பிரிக்காவை ஒரு சுற்று சுற்றி ஐரோப்பா போக வேண்டும். 'புடைப்பைச் சுற்றி' என்று விமானிகள் சொன்னது இதைத்தான். முதலில் லுவாண்டாவிலும் கனாரித் தீவுகளின் லாஸ் பல்மாஸிலும் இறங்கி எண்ணெய் நிரப்பினார்கள். பிறகு கேப் வெர்டே தீவுக்கூட்டத்தின் சால் தீவு. லண்டன் – சால், சால் – ஜோஹானஸ்பர்க் என்று இரண்டு நேர்கோடுகளை மட்டும் கூட்டினாலே சுமார் 11,600 கிலோமீட்டர் வருகிறது. நேர்வழியைவிட 2,500 கூட. ஜெட் வேகத்தில் ஏறக்குறைய மூன்று மணி நேரம், எண்ணெய் நிரப்ப நிற்கும் நேரம் தனி.

அதே ஆகஸ்டில் இன்னொன்றும் நடந்தது. ஜோஹானஸ்பர்க்கின் மார்ஷல் சதுக்கப் போலீஸ் நிலையத்திலிருந்து ஆகஸ்ட் 11 அன்று நான்கு அரசியல் கைதிகள் தப்பினார்கள். மோசி மூலா, அப்துல்ஹை ஜசாத் என்ற இரண்டு இந்தியர்கள், ஆர்தர் கோல்ட்ரைக், ஹெரால்ட் வோல்ப் என்ற இரண்டு வெள்ளையர்கள். பின்னிருவரும் பாதிரியார் வேஷத்தில் ஸ்வாசிலாந்து வழியாக பெச்சுவானாலாந்தின் பிரான்சிஸ்டவுன் வரை வந்துவிட்டார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு போக வந்த விமானம் நின்ற இடத்திலேயே குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. வேறொரு விமானத்தில்தான் தார் எஸ் சலாம் போக முடிந்தது. அரசின் விமானம் சுற்றிப் போக வேண்டியிருந்த மாதத்தில், அந்த அரசிடமிருந்து தப்பியவர்களுக்கு விமானமே இல்லாமல் போனது.

இங்கே நிறுத்தி, ஆப்பிரிக்கா நிறவெறியைத் தண்டித்தது என்று கைதட்டி முடித்துவிடலாம். நம் ஆட்களில் பலர் அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் கூடவே நடந்ததையும் சொல்லியாக வேண்டும். மூடப்பட்டது தென்னாப்பிரிக்கக் கொடி தாங்கிய விமானங்களுக்கு மட்டும். பிரிட்டிஷ் விமானங்கள் நைரோபி வழியாக ஜோஹானஸ்பர்க் போய்க்கொண்டுதான் இருந்தன. மற்ற ஐரோப்பியக் கம்பெனிகளும் அப்படியே. அதே வெள்ளை வியாபாரி, அதே தங்கச் சுரங்க முதலாளி, அதே பெட்டி. பிரிட்டிஷ் டிக்கெட் வாங்கினால் குறுக்குவழி, தென்னாப்பிரிக்க டிக்கெட் வாங்கினால் சுற்றுவழி. பழைய எஜமானர்களின் கம்பெனிகளுக்கு இது சும்மா வந்த லாபம். ஆப்பிரிக்க நாடுகள் அவற்றுக்கும் கதவைச் சாத்தியிருக்கலாமே என்று கேட்பது எளிது. நைரோபியிலும் லுசாகாவிலும் அந்நியச் செலாவணி யார் கையில் இருந்தது, ஏற்றுமதியை யார் வாங்கினார்கள் என்று பார்த்தால் அந்தக் கேள்வியின் குரல் கொஞ்சம் தாழும். மலாவி ஒரு படி மேலே போய் 1967இல் பிரிட்டோரியாவோடு ராஜ்ய உறவே வைத்துக்கொண்டது.

சுற்றுவழியின் நிறுத்தங்களைப் பாருங்கள். வின்ட்ஹூக் தென்னாப்பிரிக்கா பிடித்துவைத்திருந்த நமீபியாவில். லுவாண்டாவும் சாலும் லிஸ்பனும் சலாசாரின் போர்ச்சுகல். லாஸ் பல்மாஸ் பிராங்கோவின் ஸ்பெயின். 1960களில் விடுதலை அலையில் மூழ்காமல் எஞ்சி நின்ற காலனியத் திட்டுகளைத் தொட்டுத் தொட்டுத்தான் அந்த விமானம் ஐரோப்பா போனது. முன்பு காலனிகள் நேர்வழியில் இருந்தன. இப்போது காலனிகள் இருக்குமிடமெல்லாம் வழி ஆயிற்று.

சால் தீவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சால் என்றால் போர்த்துகீசிய மொழியில் உப்பு. உப்பெடுத்த தீவு, பொட்டல். குடிதண்ணீருக்கே திண்டாட்டம். போர்ச்சுகலோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி தென்னாப்பிரிக்கப் பணத்தில் அங்கே ஓடுபாதை வலுவாக்கப்பட்டது. 1960களின் பின்பாதியிலிருந்து அதுவே சுற்றுவழியின் நடுநாயகம். பிறகு 1974 ஏப்ரலில் லிஸ்பனில் சர்வாதிகாரம் கவிழ்ந்தது. 1975 ஜூலை 5இல் கேப் வெர்டே விடுதலை பெற்றது. நவம்பரில் அங்கோலா. லுவாண்டா மூடிவிட்டது. சால்?

சால் மூடவில்லை. விடுதலைப் போரை நடத்திய கட்சியே ஆட்சியில் இருந்தது. அதை வழிநடத்திய அமில்கர் கப்ரால் 1973 ஜனவரி 20இல் கொனாக்ரியில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். பண்பாட்டையும் விடுதலையையும் பற்றி அவர் பேசியவற்றை மூன்றாம் உலகத்து இடதுசாரிகள் பாடமாகப் படித்தார்கள், நம்மிலும் சிலர் படித்தோம். சால் விமான நிலையத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். அமில்கர் கப்ரால் விமான நிலையத்தில் நிறவெறி அரசின் விமானங்கள் தொடர்ந்து இறங்கின, எண்ணெய் நிரப்பின, கட்டணம் கட்டிவிட்டுப் போயின. துரோகம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடத் தோன்றுகிறது. வருஷக்கணக்கில் மழை பொய்த்த, விற்பதற்கு அதிகம் எதுவுமில்லாத நாடு அது. 1940களில் பஞ்சத்தில் ஆயிரக்கணக்கானவர்களைப் பறிகொடுத்திருந்தது. அந்த இறங்குகட்டணம் அதன் அந்நியச் செலாவணியின் முக்கிய ஊற்றுகளில் ஒன்று.

கதை அங்கேயும் நிற்கவில்லை. 1975 முடிவில் தென்னாப்பிரிக்கப் படை அங்கோலாவுக்குள் புகுந்தபோது அதை எதிர்க்கக் கியூபா படை அனுப்பியது. கியூப விமானங்கள் அட்லாண்டிக்கைத் தாண்ட எண்ணெய் நிரப்ப இடம் தேடின. மேற்கத்திய நெருக்குதலில் பார்படோஸ் கையை விரித்தது. இடம் கொடுத்தது சால். ஒரே ஓடுபாதையில் நிறவெறி அரசின் பயணிகள் விமானமும், அந்த அரசின் படையோடு மோதப்போகும் சிப்பாய்களை ஏற்றிய விமானமும். அங்கோலாவிலும் நமீபியாவிலும் போரை முடிக்க 1988இல் நடந்த பேச்சுவார்த்தைகளின் ஜூலைச் சுற்றும் கேப் வெர்டேயில்தான் நடந்தது. சரி, தவறு என்று இரண்டு பெட்டிகளை வைத்துக்கொண்டு இந்தத் தீவை எதில் போடுவது என்று தெரியவில்லை. என்னைக் கேட்டால், கப்ரால் உயிரோடு இருந்திருந்தாலும் மூடியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

தென்னாப்பிரிக்கா காசை இயந்திரத்திலும் போட்டது. எங்கும் இறங்காமல் நெடுந்தூரம் பறக்கும்படி உடம்பைக் குறுக்கிச் செய்த போயிங் 747 எஸ்பி ரகத்தில் ஆறு விமானங்கள் வாங்கியது. 1976 மார்ச் 23-24இல் முதலாவது விமானத்தை அமெரிக்காவின் எவரெட் தொழிற்சாலையிலிருந்து கேப் டவுனுக்கு நேராக ஓட்டிவந்தார்கள். 16,560 கிலோமீட்டர், 17 மணி 22 நிமிடம். அன்றைக்கு உலக சாதனை. விமானப் பிரியர்களின் புத்தகங்கள் இதைப் பொறியியல் அற்புதம் என்று எழுதும். ஏன் அவ்வளவு தூரம் நிற்காமல் பறக்க வேண்டியிருந்தது என்பதைப் பல சமயம் எழுதாது. இறங்கவிட ஆளில்லை என்பதுதானே. அந்தச் சாதனை நடந்து மூன்று மாதத்தில், ஜூன் 16இல், சொவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகளைச் சுட்டார்கள்.

இந்தச் செலவெல்லாம் யார் தலையில் விழுந்தது? சவுத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸ் அன்று தனிக் கம்பெனி அல்ல, அரசின் ரயில்வே நிர்வாகத்தின் ஒரு கிளை. மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டியில் நெருக்கியடித்து உட்கார்ந்து போன கறுப்பர் கொடுத்த கட்டணமும் அதே நிர்வாகத்தின் கல்லாவில்தான் விழுந்தது. இன்னொரு பக்கம், பிரிட்டோரியாவுக்கு வடகிழக்கே குவாண்டபெலே என்று ஒரு 'தாயகத்தை' உண்டாக்கி மக்களைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அங்கே வேலை கிடையாது. விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்குப் பஸ் பிடித்து பிரிட்டோரியாவுக்கு வேலைக்கு வர வேண்டும். சிலருக்குப் போகவர நாளொன்றுக்கு எட்டு மணி நேரம். பஸ்ஸில் நின்றபடியே தூங்கும் அந்த மனிதர்களை டேவிட் கோல்ட்பிளாட் 1983-84இல் படம் எடுத்தார். இரண்டு நாள் பஸ் பயணத்தைக் கூட்டினால் லண்டன் போய்விடலாம், புடைப்பைச் சுற்றியே போனாலும். ஆப்பிரிக்க நாடுகள் வெள்ளை அரசின் தூரத்தை மூன்று மணி நேரம் நீட்டின. வெள்ளை அரசு தன் சொந்த மக்களின் தூரத்தை ஆயுள் முழுக்க நீட்டியது.

அதன் போர் விமானங்களுக்கோ எந்த வானமும் மூடியிருக்கவில்லை. 1986 மே 19 அன்று ஒரே நாளில் லுசாகா, ஹராரே, கபோரோன் மூன்று தலைநகரங்களையும் தென்னாப்பிரிக்கப் படை தாக்கியது. பயணிகள் விமானம் அனுமதி கேட்டு மறுக்கப்பட்டது. குண்டு போட வந்தவன் அனுமதி கேட்கவில்லை.

இந்தியாவின் பங்கையும் சொல்லிவிட வேண்டும். 1946இலேயே, விடுதலைக்கு முன்பே, தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை முதன்முதலில் முறித்துக்கொண்ட நாடு இந்தியா. நம் பழைய பாஸ்போர்ட்டுகளில் தென்னாப்பிரிக்கக் குடியரசு தவிர மற்ற நாடுகளுக்குச் செல்லும் என்று அச்சடித்திருக்கும். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கிளம்பி நவம்பர் 16இல் டர்பன் துறையில் இறங்கினார்கள் 342 பேர். தமிழ் பேசியவர்கள் அதில் கணிசம். அவர்கள் பேரப்பிள்ளைகள் வாழும் ஊருக்கு, கப்பலில் ஒரு மாதத்துச் சொச்சமாக இருந்த தூரம், இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தவருக்கு 1993 வரை முடிவிலி. அந்த நாலு வார்த்தையை நான் குறை சொல்லவில்லை. அதற்கும் ஒரு விலை இருந்தது, அதைக் கொடுத்தது டெல்லி அல்ல என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

கடைசி ஐந்தாறு ஆண்டுகளில் வளையம் இறுகியது. 1986 அக்டோபரில் ரீகனின் மறுப்பாணையை மீறி அமெரிக்கக் காங்கிரஸ் தடைச்சட்டத்தை நிறைவேற்றியதும் அமெரிக்க வானமும் மூடியது. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியா. வங்கிகள் கடனைத் திருப்பிக் கேட்டன. உள்ளே குடியிருப்புகள் ஆளமுடியாதவை ஆயின. நிறவெறியை வீழ்த்தியது உள்நாட்டு மக்கள்தான், வான்தடை அல்ல. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அப்படியென்றால் அந்தச் சுற்றுவழி வெறும் அடையாளமா? அதுவும் இல்லை. அந்த விமானத்தில் ஏறிய ஒவ்வொருவரும், அரசியலே பேசாதவரும்கூட, கடலைப் பார்த்துக்கொண்டு மூன்று மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. ஏன் என்று குழந்தை கேட்டால் ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருந்தது. துண்டறிக்கையால் செய்ய முடியாத வேலை அது. 1991 வாக்கில் தடைகள் விலகியபோது தென்னாப்பிரிக்க விமானம் மறுபடியும் ஆப்பிரிக்காவின் மேலாக நேரே பறந்தது.

வழிகள் அத்தனையும் இருவழி அல்ல. எதிர்ப்பாளர்களுக்குப் பாஸ்போர்ட் தராமல் 'வெளியேறும் அனுமதி' என்று ஒரு தாளைத் தென்னாப்பிரிக்க அரசு கொடுத்துவந்தது. போகலாம், திரும்பக் கூடாது. நேட் நகாசா என்ற இளைஞர் 'டிரம்' பத்திரிகையில் எழுதியவர். 1963இல் 'தி கிளாசிக்' என்ற சிற்றிதழைத் தொடங்கியவர். கைக்காசும் நன்கொடையுமாகப் பத்திரிகை நடத்துவது என்னவென்று தெரிந்தவர்களுக்கு அவரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஹார்வர்டில் ஓராண்டு படிக்க உதவித்தொகை கிடைத்தது. பாஸ்போர்ட் மறுத்தார்கள். அந்த ஒருவழித் தாளில் 1964இல் கிளம்பினார். 1965 ஜூலையில் நியூயார்க்கில் ஓர் உயர்ந்த கட்டிடத்திலிருந்து விழுந்து இறந்தார். வயது 28. அவர் எச்சங்கள் விமானத்தில் ஊர் வந்தது 2014 ஆகஸ்டில்.

தம்போ உயிரோடு திரும்பினார். 1990 டிசம்பர் 13. ஏறக்குறைய முப்பது ஆண்டு ஒன்பது மாதம். பக்கவாதம் தாக்கி நடை தளர்ந்திருந்தது. அவர் வந்து இறங்கியபோது அந்த விமான நிலையத்துக்கு ஜான் ஸ்மட்ஸ் என்று பெயர். 2006 அக்டோபரிலிருந்து அதற்குப் பெயர் ஆலிவர் தம்போ. லண்டனிலிருந்து அங்கே வரும் பிரிட்டிஷ் பயணிக்கு விசா வேண்டாம். அங்கிருந்து லண்டன் போகும் தென்னாப்பிரிக்கருக்கு, 2009இல் பிரிட்டன் விதியை மாற்றியதிலிருந்து, விசா வேண்டும். பணம் கட்டி, வங்கிக் கணக்கைக் காட்டி, விரல் ரேகை கொடுத்து, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களை விமானக் கம்பெனிகளின் கால அட்டவணையில் எங்கும் போடுவதில்லை.